அறுபத்தொரு வயதில் பிரெஞ்சில் உளறுவது எப்படி

பிரான்ஸில், மகள் இருக்கிற லியோன் நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதினோரு பேர் உட்கார்ந்திருந்த சாப்பாட்டு மேஜையில், நான் சினையாக இருப்பதாகச் சொன்னேன். வயது அறுபத்தொன்று. கும்பகோணத்தில் முப்பத்துநாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை. கணீரென்றுதான் சொன்னேன்.

மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவர் வீட்டு விருந்து அது. எனக்காகவே இறைச்சி சேர்க்காமல் கிராதான் செய்திருந்தார்கள். உருளைக்கிழங்கை வறுவலுக்குச் சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, பாலேட்டில் முழுக வைத்து, நிதானமாக வேகவிடுவது. இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை கரண்டி வந்தபோது வயிற்றில் இடமில்லை. அதைச் சொல்ல வேண்டும். தமிழில் நினைத்ததை மனசுக்குள் 'ஐ ஆம் ஃபுல்' என்று மாற்றினேன். ஃபுல் என்றால் 'ப்ளென்' என்று அகராதியில் பார்த்த ஞாபகம். "ஜ சுயி ப்ளென்!" என்றேன். முதலில் சிரித்தது பிள்ளைகள்தான். பசுவுக்கும் பூனைக்கும் சொல்கிற வார்த்தையாம் அது. ஆம்பிளை ஒருத்தர் 'ப்ளான்' என்று இதையே சொன்னால், போதை தலைக்கேறிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்களாம். அந்த வீட்டு அம்மாள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "ஃபெலிசித்தாசியோன், மதாம்" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது 'ஜே த்ரே பியான் மான்ஜே'. ரொம்ப நன்றாகச் சாப்பிட்டேன். யோசித்துப் பாருங்கள், நம் ஊர்ப் பந்தியிலும் இதைத்தானே சொல்வோம்? 'நான் நிரம்பியிருக்கிறேன்' என்று எந்தக் கல்யாணத்திலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கவிழ்த்தது பிரெஞ்சு இல்லை, நடுவில் தரகு பார்க்க வந்த இங்கிலீஷ். தொண்ணூறு நாள் விசாவில் மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ பிரான்ஸ் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதனால் இதுதான்: தரகரை விட்டுவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

உதாரணம் காட்டுகிறேன். நமக்குப் பசி என்பது நாம் இல்லை, நம்மிடம் வந்து சேர்வது. 'எனக்குப் பசி', 'எனக்குத் தாகம்', 'எனக்கு அறுபத்தொரு வயசு'. பிரெஞ்சுக்காரரும் அப்படியே. 'ஜே ஃபான்', என்னிடம் பசி இருக்கிறது. 'ஜே சுவாசான்த் ஏ அன் ஆன்', என்னிடம் அறுபத்தொரு வருஷம் இருக்கிறது. பசி, தாகம், குளிர், வெக்கை, பயம், தூக்கம், வயசு: இந்த ஏழுக்கும் தமிழில் 'எனக்கு' வரும், அங்கே 'ஜே' போடுங்கள். தமிழில் 'நான் இன்னார்' என்று சொன்னால் 'ஜ சுயி'. நான் டீச்சர், நான் சைவம், எல்லாம் ஜ சுயி. களைப்பு இந்தக் கணக்கில் அடங்காது, அதற்கு 'ஜ சுயி ஃபத்திகே'. விதி என்றால் ஒரு விலக்கு இருக்கத்தானே செய்யும்.

இந்த விதி பிடிபடுவதற்கு முன்னால் வெயில் வந்துவிட்டது. ஜூலை மாத லியோன் சில நாள் நம் சித்திரையைத் தோற்கடிக்கும். லிஃப்டில் நாலாம் மாடிப் பெரியவர் ஒருத்தர் தொப்பியால் விசிறிக்கொண்டு நின்றார். மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசலாமே என்று முந்தானையால் விசிறியபடி "ஜ சுயி ஷோத்" என்றேன். எனக்கு வெக்கையாக இருக்கிறது என்று என் எண்ணம். அவர் இரண்டாம் மாடியிலேயே இறங்கி மீதியைப் படியேறிப் போனார். மகளிடம் சொன்னேன்.

"அம்மா, லிஃப்ட்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"அவர் மட்டும்தாண்டி."

அர்த்தத்தைக் காதோடு சொன்னாள். இங்கே எழுத முடியாது. வெக்கைக்கு 'ஜே ஷோ'. வெறும் ஷோ, கடைசியில் 'த்' கிடையாது. மனப்பாடம் செய்துவிட்டு லிஃப்டில் ஏறுங்கள்.

போன்ஜூர், அதாவது வணக்கம், பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். கடையில், பஸ்ஸில், மருந்துக் கடையில், எங்கே வாயைத் திறந்தாலும் முதல் வார்த்தை அதுதான். நான் பஸ் டிரைவரிடம் எடுத்த எடுப்பில் "பார் தியூ?" என்று கேட்டேன். ரயில் நிலையம் இருக்கிற இடம் அது. அவர் "போன்ஜூர்" என்றார். காது கேட்கவில்லை போல என்று இன்னும் சத்தமாக "பார் தியூ?" என்றேன். அவரும் இன்னும் சத்தமாக "போன்ஜூர்!" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. மூன்றாவது சுற்றில் ஒரு பள்ளிக்கூடப் பெண் என் காதில் கிசுகிசுத்தாள். நான் போன்ஜூர் சொன்னதும் அந்த மனுஷர் முகம் மலர்ந்து, எங்கே இறங்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணியே காட்டினார்.

இதற்கு நேர்மாறான ஆபத்து மெர்சியில் இருக்கிறது. நன்றிதானே, தாராளமாகச் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். இரண்டாவது தடவை பரிமாற வரும்போது வெறும் 'மெர்சி' என்றால் 'போதும்' என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அம்மாள் செய்த ஆப்ரிகாட் பழப் பணியாரம் (அதை வேறு எப்படிச் சொல்வது, மேலே பழம் அடுக்கின தட்டை) முட்டை சேர்க்காதது. இன்னொரு துண்டு நீட்டினார். ஆசையோடு "மெர்சி, மெர்சி" என்றேன். துண்டு திரும்பிப் போய்விட்டது. வேண்டும் என்றால் 'வீ, வோலோந்தியே'. வேண்டாம் என்றால் 'நோன், மெர்சி'. 'ப்ளூ' என்ற வார்த்தையிலும் கவனம் தேவை. கடைசியில் 'ஸ்' ஒலித்து 'ப்ளூஸ்' என்றால் இன்னும் கொஞ்சம். 'ஸ்' விழுந்துவிட்டால் இனி வேண்டாம். ஒரே எழுத்துக் கோவை, இரண்டு அர்த்தம், நடுவில் உங்கள் பணியாரம்.

எனக்குப் பிரெஞ்சு வாத்தியார் யார் என்று சொன்னால்தான் அடுத்தது புரியும். நாலு வயசுப் பேரன். அங்கே மூன்று வயசிலேயே பள்ளிக்கூடம். சாயந்திரம் வந்ததும் "அம்மாச்சி, ரெபேத்!" என்பான், திரும்பச் சொல்லு என்று. நானும் சொல்வேன். ஆக எனக்கு முதலில் வந்தது முழுக்க முழுக்கப் பால்வாடிப் பிரெஞ்சு. நம் ஊரில் தாச்சிக்கோ, மம்மு, உவ்வா என்று இருக்கிறதே, அந்த வகை. தூக்கத்துக்கு 'தோதோ', காயத்துக்கு 'போபோ'. பெரியவர்கள் இதையெல்லாம் பேசமாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முழங்கால் வலி. பச்சை சிலுவை விளக்கு எரிகிற மருந்துக் கடைக்குத் தனியாகவே போனேன். வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம், போன்ஜூர் சொல்லிவிட்டுத்தான், முழங்காலைத் தொட்டுக் காட்டி "ஜே அன் போபோ" என்றேன். தமிழில் சொன்னால், பேத்தி இருக்கிற வயசுக்காரி ஒருத்தி கும்பகோணம் மருந்துக் கடையில் போய் "எனக்கு உவ்வா" என்று சொன்ன மாதிரி. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, அதே குழந்தைக் குரலில், "ஓ லாலா, அன் க்ரோ போபோ?" என்று கேட்டாள். பெரிய உவ்வாவா? தைலம் கிடைத்தது. சரியான வாக்கியம் 'ஜே மால் ஓ ஜனூ'. எனக்கு முழங்காலில் வலி. மறுபடியும் அதே 'எனக்கு'.

பேரனிடம் படித்ததில் இன்னொரு வில்லங்கம், வினைச்சொல் எல்லாம் ஒருமையில்தான் வந்தது. நமக்கு நீ, நீங்க என்று இருப்பதுபோல அவர்களுக்குத் 'த்யூ', 'வூ'. இங்கிலீஷ்காரர் திண்டாடும் இடத்தில் நமக்குக் கவலையே இல்லை என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். "அத்தை, நீங்கன்னா வூ, நீன்னா த்யூ, அவ்வளவுதான்." ஆனால் மகள் பிள்ளையிடம் பேசுவதைக் கேட்டு நான் பொறுக்கியதெல்லாம் 'வியான்', 'மான்ஜ்', 'அசீ தூவா'. பணியாரம் கொடுத்த அம்மாளுக்கு எண்பது வயசு இருக்கும். பதில் மரியாதையாக அவரைக் கூப்பிட்டு இட்லி வைத்தேன். வாசலில் நின்று கைகூப்பி "வியான்!" நாற்காலியைக் காட்டி "அசீ தூவா!" தட்டை வைத்து "மான்ஜ்!" வா, உட்காரு, தின்னு. அவர் பாவம், மறு பேச்சில்லாமல் நாலு இட்லி சாப்பிட்டார். அப்புறம் தெரிந்து வெட்கப்பட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். பேரனின் கூட்டாளி ஒருவன் வந்தபோது நம் வழக்கப்படி செல்லமாக 'வாங்க, உட்காருங்க' என்று வூ போட்டேன். அந்தப் பொடியன் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். குழந்தைக்கு என்றைக்கும் த்யூதான். சாமிக்கும் த்யூதான், நம் தேவாரம் போல. ஃபூர்வியேர் மலைக் கோயிலில் ஜெபம் கேட்டபோது கவனித்தேன்.

இனி நோட்டு. பிரெஞ்சு வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். என் நோட்டில் ஒரு பக்கத்தில் மீன் என்றால் 'ப்வாசோன்'. இன்னொரு பக்கத்தில் பானம் என்றால் 'ப்வாசோன்'. விஷம்? அதுவும் 'ப்வாசோன்'. நம் எழுத்துக்கு மூன்றும் ஒன்று. அவர்கள் காதுக்கு மூன்றும் வேறு. சோன் ஆற்றங்கரைக் காப்பிக் கடையில் உட்கார்ந்து குளிர்ச்சியாக ஒரு பானம் கேட்டபோது, பரிமாறுகிறவர் கடிகாரத்தைக் காட்டி, மீன் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் என்றார். சைவம் நான்! அதற்கப்புறம் நோட்டைத் திருத்தினேன். பம்பரத்தின் முதல் 'ப' மாதிரி இருந்தால் சும்மா விட்டேன், இரண்டாவது 'ப' மாதிரி அதிர்ந்தால் அடிக்கோடு. 'ச' என்பது தேனீ மாதிரி ரீங்கரித்தால் மேலே ஒரு அலை. அடிக்கோடு போட்டது பானம், அலை போட்டது விஷம், ஒன்றும் போடாதது மீன்.

உதட்டு வேலை ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருப் பலகைகளில் 'ரூ' என்று பார்த்திருப்பீர்கள். அந்த 'ரூ' நம் 'ரூபாய்'க்கு வருகிற ரூ இல்லை. நம்முடைய ரூவை அப்படியே சொன்னால் சக்கரம் என்று ஆகிவிடும். தெரு வேண்டுமென்றால் 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசிலுக்குக் குவிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு நாள் பழகினேன். நன்றாக வந்துவிட்டது. வந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லா இடத்திலும் போட்டேன். 'மெர்சி போக்கூ' என்பதில் வருவது நம் சாதாரண ஊ. அதில் போய் உதட்டைக் குவித்தால் 'நன்றி, அழகான பின்புறம்' என்று ஆகிறது. எத்தனை கடையில் அப்படிச் சொன்னேன் என்ற கணக்கை நான் எடுக்கவில்லை.

மூக்கால் பேசுவதற்குப் பயிற்சியே வேண்டாம். 'நான் வந்தேன்' என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி ன் எங்கே போகிறது? மூக்குக்குள் போகிறது. பிரெஞ்சில் பாதி வார்த்தை அப்படித்தான் முடிகிறது. இதை மறந்ததால் நான் கிட்டத்தட்டத் தப்பான கடற்கரைக்குப் போயிருப்பேன். என் பழைய மாணவி ஒருத்தி வடக்கே நோர்மாந்தியில் கான் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள். பார்க்கலாம் என்று பார் தியூ கவுன்டரில் நின்று, எழுத்தைக் கூட்டி 'கேன்' என்றேன். அந்த இளைஞர் பளிச்சென்று தட்டி நேரம் அச்சடித்த தாளைக் கொடுத்தார். நேராகப் போகிற வண்டி, மாறவே வேண்டாம். பாரிஸ் வழியாக இரண்டு வண்டி மாற வேண்டும் என்று மகள் சொன்னாளே, இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே தாளைப் படித்தால், வண்டி நீஸ் போகிறது. தெற்கே, மத்தியதரைக் கடல்.

"அம்மா, அவர் கொடுத்தது சினிமா விழா நடக்கிற ஊருக்கு!"

விழா ஊரின் பெயர் 'கன்', ன் அழுத்தமாக ஒலிக்கும். நான் போக வேண்டியது 'வந்தான்' என்பதில் வருகிற மூக்கு ஆன், முன்னால் ஒரு க. நடுவில் ஒரு தேசமே கிடக்கிறது. ரான்ஸ், ரென் என்று இன்னொரு ஜோடியும் இருக்கிறது, ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ரயில் கவுன்டரில் மட்டும் பெருமை பார்க்காதீர்கள். ஊர்ப் பெயரைத் தாளில் எழுதி நீட்டுங்கள்.

கடைசி எழுத்தை விழுங்குவது பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் திருபுவனத்தில் பட்டு நெசவாளர்கள் தறி மேலே துளைபோட்ட அட்டைகளை வைத்து டிசைன் விழவைக்கிற பெட்டியை ஜக்கார்டு என்பார்கள். அந்தப் பெயருக்குரிய மனுஷர் 1752-ல் லியோனில் பிறந்தவர், க்ருவா ரூஸ் மேட்டில் சிலையே இருக்கிறது என்றதும் எனக்குச் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது. மேடேறிப் போய் ஐந்து பேரிடம் "ஜக்கார்டு? ஜக்கார்டு?" என்று கேட்டேன். ஐந்து பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆறாவது ஆள் என் சைகையை (தறி நெய்து காட்டினேன்) பார்த்துவிட்டு, "ஆ, ஜகார்!" என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார். சிலைக்கு அடியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கணக்கு டீச்சர் எண்ணில் கோட்டை விட்ட கதையைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்கு எழுபது என்று தனி வார்த்தை இல்லை, அறுபதும் பத்தும். எண்பது என்றால் நாலு இருபது. தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்தும். தரைத்தளத்துப் பெண்மணி தன் செல் நம்பரைச் சொன்னார். அங்கே பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 06, 78, 92 என்று அவர் மூன்று ஜோடி முடிப்பதற்குள் என் தாளில் 06 60 18 4 20 12. பதினொன்று இலக்கம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு ஜோடி பாக்கி!

வழி இதுதான். 'சுவாசான்த்' என்று காதில் விழுந்ததும் எழுதாதீர்கள், பென்சிலைத் தூக்கிப் பிடியுங்கள். அடுத்து வருவது ஒன்று முதல் ஒன்பதுக்குள் இருந்தால் 6 போடுங்கள். பத்து முதல் பத்தொன்பதுக்குள் வந்தால் 7 போட்டு, பத்தைக் கழித்து மீதியை எழுதுங்கள். 'கத்ர வான்', அதாவது நாலு இருபது, என்று வந்தால் இதே வேலை, 8-க்கும் 9-க்கும் நடுவில். இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் ஜெனிவா. அங்கேயும் பிரெஞ்சுதான், ஆனால் எழுபதுக்குச் 'செப்தான்த்', தொண்ணூறுக்கு 'நோனான்த்' என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கவே காதுக்கு இதமாக இருந்தது. சிரிக்கிற உரிமை மட்டும் நமக்கு இல்லை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தொண்ணூற்றில் நூறு எப்படி வந்தது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் எப்படி வந்தது என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கேட்டபோது, நான் டஸ்டரால் மேஜையைத் தட்டி உட்கார வைத்தவள்.

எழுத்திலும் கவனம். அவர்கள் கையால் எழுதுகிற 1 நமக்கு 7 மாதிரி தெரியும். அவர்கள் 7-க்கு இடுப்பில் கோடு போடுவார்கள். புள்ளி வைக்கிற இடத்தில் கமா வைப்பார்கள். கத்தரிக்காய் 1,50 என்று எழுதியிருந்ததை ஏழரை யூரோ என்று படித்து, ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துத் தலை சுற்றி, ஒரு வாரம் கத்தரிக்காய் வாங்காமல் இருந்தேன். 'தெமி' என்றால் பாதி என்று தெரியும், பாதி டம்ளர் காப்பி போதுமே என்று கடையில் "அன் தெமி" என்றேன். நுரை ததும்ப கால் லிட்டர் பீர் வந்தது. மாப்பிள்ளை குடித்தார். நான் வேண்டுமென்றே சொன்னேனோ என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு நன்றியோடு குடித்தார்.

சைவக்காரர்கள் லியோன் சாப்பாட்டுக் கடையில் பெயரை நம்பவே கூடாது. 'செர்வெல் த கனூ' என்று ஒன்று. கனூ என்றால் அந்த ஊர்ப் பட்டு நெசவாளி, செர்வெல் என்றால் மூளை. நெசவாளியின் மூளை என்றதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். பார்த்தால் கெட்டித் தயிர் மாதிரி ஒரு பாலாடைக்கட்டியில் சின்ன வெங்காயமும் பொடியாக நறுக்கின தழையும் கலந்தது, நம் வெங்காயப் பச்சடிக்குச் சித்தப்பா பிள்ளை. 'காத்தோ' என்றால் கேக் என்று பேரன் சொல்லியிருந்ததால், 'காத்தோ த ஃப்வா' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன். ஈரலில் செய்வதாம். சாலட் லியோனேஸ் பெயரில் சாலட், உள்ளே பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும். 'சான் வியாந்த்', அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் போதாது. நான் அப்படிச் சொல்லியும் அந்தத் துண்டுகளோடுதான் வந்தது. கேட்டால், "இது இறைச்சி இல்லை மதாம், லார்தோன்" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார் கடைக்காரர். ஆகவே பட்டியல் முழுவதையும் ஒப்பியுங்கள்: 'சான் வியாந்த், சான் ப்வாசோன், சான் லார்தோன்.' ப்வாசோனில் அடிக்கோடு இல்லாதது, ஞாபகம் இருக்கட்டும்.

இங்கிலீஷ் தரகர் கடைசியாக ஒரு தடவை என்னை விற்றதைச் சொல்லி முடிக்கிறேன். இங்கிலீஷ் மாதிரியே தெரிகிற வார்த்தைகள்தான் இதில் மோசம். 'லிப்ரேரி' என்ற பலகையைப் பார்த்து நூலகம் என்று நுழைந்து, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பதினைந்து நாளில் திருப்பித் தருகிறேன் என்று சொன்னவள் நான். அது புத்தகக் கடை. நூலகத்துக்கு 'பிப்லியோதெக்'. அதிலேயே உஷாராகியிருக்க வேண்டும்.

க்ருவா ரூஸ் பெரிய வீதியில் திங்கள் தவிர தினமும் காலையில் சந்தை. அதில் ஒருவர் வீட்டில் காய்ச்சின ஜாம் விற்பார். பேரனுக்கு வாங்குவது, கெடாமல் இருக்க ரசாயனம் கலந்திருக்கிறதா என்று கேட்க வேண்டாமா? இங்கிலீஷில் ப்ரிசர்வேட்டிவ். பிரெஞ்சு வாசனைக்கு வாலை மாற்றி, "லா கோன்ஃபித்யூரில் 'ப்ரெசெர்வாதீஃப்' இருக்கிறதா?" என்றேன். கூட்டம் அமைதியானது. அந்த மனுஷர் ரொம்ப நிதானமாக ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கரண்டி விட்டுக் கிளறினார். "நோன், மதாம். ஆப்ரிகாட் மட்டும்தான்" என்றார். பேரனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த மகள் அப்படியே திரும்பி வெங்காயக் கடைப்பக்கம் போய்விட்டாள். ப்ரெசெர்வாதீஃப் என்றால் ஆணுறை. நான் கேட்க வந்த வார்த்தை 'கோன்செர்வாத்தேர்'.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தூரத்தில் என் புடவையைப் பார்த்தாலே, "மதாம், இன்றைக்கும் இல்லாததுதான்!" என்று கூவுவார். ஊருக்குக் கிளம்புகிற வாரம் இரண்டு பாட்டில் வாங்கினேன். கோன்செர்வாத்தேர் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியும் பார்த்தேன். அவர் விடவில்லை. ஒரு மூடியில் பேனாவால் என் பழைய வார்த்தையையே எழுதி, முன்னால் ஒரு 'சான்' சேர்த்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பாட்டில் இப்போது கும்பகோணத்தில் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஜாம் தீர்ந்து வெந்தயம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுப் பையன் மார்க்குக்காக ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்திருக்கிறான், மோருக்கும் கறிவேப்பிலைக்கும் அடிக்கடி உள்ளே வருவான். மூடி மேல் 'வெந்தயம்' என்று பெரிதாக எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.